ஜப்பான் பௌல் போட்டிக்குத் தயாராகும் மகள்: வீட்டுத் தமிழ் உதவுமா, குழப்புமா?

வெர்ஜீனியாவிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு, பள்ளியில் ஜப்பானிய மொழி எடுத்து இது மூன்றாம் ஆண்டு. இரண்டு தோழிகளோடு சேர்ந்து, வரும் வசந்தகாலத்தில் நடக்கும் நேஷனல் ஜப்பான் பௌல் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறாள். "பாடப்புத்தகம் போதுமா, இல்லை ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) வகுப்பு ஒன்றில் சேர்த்துவிடவா? வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அது அவளைக் குழப்புமா? எனக்கு ஜப்பானியத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, நான் ஏதாவது செய்ய முடியுமா?"

மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இரண்டாவது கேள்வியில்தான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் தமிழ் வீடுகளில் இருக்கும் ஒரு பெரிய வசதியைப் பெற்றோரே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். வாஷிங்டன் டி.சி.யின் ஜப்பான் அமெரிக்க சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் போட்டி இது. ஜப்பானியம் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானது, இரண்டு அல்லது மூன்று பேர் ஒரு குழு. இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று நிலைகள் உண்டு, பள்ளியில் எத்தனையாவது ஆண்டு படிக்கிறார்கள் என்பதை ஒட்டி நிலை அமையும். உங்கள் மகள் மூன்றாம் நிலை. வீட்டில் ஜப்பானியம் பேசுகிற பிள்ளைகளுக்கும் ஜப்பானில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நிலை விஷயத்தில் தனி விதிகள் இருக்கின்றன, அதனால் தோழிகளில் யாராவது அப்படி இருந்தால் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். சுற்றுகளின் அமைப்பு அவ்வப்போது மாறும், அந்தந்த ஆண்டின் கையேடுதான் பேசும். அதை ஆசிரியரிடமிருந்து வாங்கி அச்செடுத்து, அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். நான் பார்த்தவரை, கெட்டிக்காரப் பிள்ளைகள் தோற்பதற்கு முதல் காரணம் கையேட்டில் இல்லாததை மாதக்கணக்கில் படிப்பதுதான்.

இதனாலேயே ஜே.எல்.பி.டி. வகுப்பு இப்போது வேண்டாம் என்கிறேன். அது நல்ல தேர்வு, பின்னால் எழுதட்டும். ஆனால் அது முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, அதில் பேச்சு கிடையாது, கையால் எழுதுவது கிடையாது, பண்பாட்டுக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. இங்கேயோ கேள்வி காதில் விழுந்த சில நொடிகளில் விடை வாயிலோ கையிலோ வந்தாக வேண்டும். பார்த்தால் தெரியும் என்பதும், கேட்டவுடன் வரும் என்பதும் வேறு வேறு.

சரி, தமிழுக்கு வருவோம்.

குழப்பாது. அவளோடு ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் மூச்சு முட்டிப் படிக்கிற இடங்களில் உங்கள் மகள் ஏற்கனவே பாதித் தூரம் நடந்து முடித்திருக்கிறாள், அவளுக்கு அதை யாராவது சுட்டிக்காட்டினால் போதும். ஜப்பானியத்தில் "தபெதே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். "மிரு" என்றால் பார்த்தல்தான், அச்சு அசலாக அதே சொல்சேர்க்கை. "கைதே ஒக்கு" எழுதி வை, "ஒக்கு" என்றால் வைத்தல். "மொத்தே குரு" கொண்டு வா, "மொத்தே இக்கு" கொண்டு போ. "வசுரெதே ஷிமாவு" மறந்துவிடு. நம் வினையெச்சமும் துணைவினையும் செய்கிற வேலையை அவர்களுடைய "தே" வடிவம் செய்கிறது. வகுப்பில் இதற்கு இரண்டு வாரம் ஆகும், தமிழ் பேசும் பிள்ளைக்கு ஒரு மாலை போதும். "நேற்று நான் வாங்கிய புத்தகம்" என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜப்பானியத்தில் சொல்லலாம், "கினோ வதாஷி க கத்தா ஹொன்". ஆங்கிலத்தில் புத்தகத்தை முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் இழுத்து வர வேண்டும், அந்தப் பழக்கத்தை மறக்கத்தான் மற்ற பிள்ளைகள் பாடுபடுகிறார்கள்.

கொடுப்பது வாங்குவது பற்றிய வினைகள் எல்லாப் போட்டிகளிலும் எட்டிப்பார்க்கும். எனக்குக் கொடுத்தால் "குரெரு", நான் மற்றவருக்குக் கொடுத்தால் "அகெரு". தொல்காப்பியம் தருதலையும் வருதலையும் தன்மை, முன்னிலைக்கு என்றும், செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கு என்றும் பிரித்திருக்கிறதே, கிட்டத்தட்ட அதே பார்வை. "எனக்குத் தா", "அவனுக்குக் கொடு" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், அவளுக்குச் சட்டென்று பிடிபடும். முழுக்கப் பொருந்தாது, "குரெரு" என் பக்கம், என் ஆட்கள் பக்கம் வருவதற்கு மட்டும்தான் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். அப்புறம், கொரே, சொரே, அரே. இது, அது என்று நமக்கு இரண்டுதான் புழக்கத்தில் மிஞ்சியிருக்கிறது, கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் "சொரே" எங்கே என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். யாழ்ப்பாணத்துத் தோழி யாராவது இருந்தால் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் "உது" என்று சொல்லும் இடத்தைக் கவனித்தால் "சொரே" தானாகப் புரிந்துவிடும்.

ஒலியிலும் லாபம் உண்டு. அத்தைக்கு ஒபசான், பாட்டிக்கு ஒபாசான், நடுவில் ஒரு நெடில்தான் வித்தியாசம். "கிதே" வா, "கித்தே" தபால்தலை. குறில் நெடிலும் ஒற்றும் காதில் ஊறிய குழந்தைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாத்திரைக் கணக்கு வேண்டுமானால் சற்று மாறும், நமக்கு ஒற்றுக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு ஒன்று. நிப்பொன் என்பதை நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டாகக் கைதட்டிச் சொல்லப் பழக்குங்கள். உச்சரிப்பு நிமிர்ந்து நிற்கும்.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. "எனக்கு நாய் பிடிக்கும்" என்பதை அப்படியே மாற்றி "வதாஷி நி" (எனக்கு) என்று தொடங்குவாள், அது தவறு. "வதாஷி வ இனு க சுகி தெசு" என்பதுதான் சரி. "வ", "க" என்ற உருபுகளில் எது எங்கே வரும் என்பதற்குத் தமிழ் உதவாது, அதைத் தனியாக உட்கார்ந்து பழக வேண்டும். பொருளுக்குப் பொருள் மாறும் எண்ணுச் சொற்களும் அப்படித்தான், நீளமானதற்கு ஒன்று, தட்டையானதற்கு ஒன்று, சிறு விலங்குக்கு ஒன்று. எல்லாவற்றையும்விட ஆழமான பள்ளம் மரியாதையில் இருக்கிறது. நாம் யாரிடம் பேசினாலும் "எங்க அப்பா வந்தாங்க" என்று சொந்தப் பெரியவர்களை உயர்த்தியே சொல்லிப் பழகியவர்கள். ஜப்பானியத்தில் வெளியாளிடம் பேசும்போது சொந்த அம்மா "ஹஹா", சொந்த அப்பா "சிச்சி", வினையிலும் உயர்வு கூடாது. எதிரில் இருப்பவரின் அம்மாதான் "ஒகாசான்". என்னிடம் படித்த ஒரு தமிழ்ப் பையன் உரையாடல் பயிற்சியில் தன் தாத்தாவை உயர்த்திப் பேசினான், திருத்தியதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "தாத்தாவை அப்படிச் சொல்ல மனசு வரலை சார்" என்றான். அவர்கள் மரியாதை கொடுக்காமல் இல்லை, எதிரே இருப்பவர் முன்னால் தன் வீட்டாரையும் தன்னோடு சேர்த்துத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானான். உங்கள் மகளுக்கும் இந்தத் தயக்கம் வரலாம், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதாடியது தமிழர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இலக்கண ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளட்டும், போட்டி மேடையில் அதை உறுதியான உண்மையாகச் சொல்ல வேண்டாம்.

தமிழ் கொஞ்சமும் கைகொடுக்காத இடம் கன்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். ஆகவே, இலக்கணத்தில் மிச்சமாகும் நேரம் முழுவதையும் அங்கே கொட்டுங்கள். ஒரே ஓர் உதாரணம். ஞாயிற்றுக்கிழமைக்கு "நிச்சியோபி", மூன்று எழுத்து. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான், சூரியன், நாள் என்று பொருள் தரும் எழுத்து. முன்னால் நின்றால் "நிச்சி", பின்னால் நின்றால் "பி". இரண்டாம் தேதியான "ஃபுட்சுகா"வில் அதே எழுத்து "கா". முதல் தேதியில் எண் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு முழுச்சொல்லும் "ட்சுயிதாச்சி" ஆகிவிடும், இதில் எது எந்த எழுத்தின் ஒலி என்று பிரிக்கவே முடியாது. இன்று என்பதற்கான "கியோ"வும் அப்படியே. எனவே தனித்தனி எழுத்தாக ஐம்பது முறை எழுத வைப்பதில் பயனில்லை. சொல்லாகப் படிக்க வேண்டும், ஓர் எழுத்துக்கு அது வரும் நாலைந்து சொற்களை ஓர் அட்டையில் எழுதி, அட்டையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்க வேண்டும். கையேட்டில் கன்ஜிப் பட்டியல் தந்திருந்தால் அதைத் தாண்டிப் போகவே வேண்டாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள், இந்த ஆண்டிலேயே அதை முடிக்கத் தேவையில்லை.

பண்பாட்டுப் பகுதிக்குப் பிள்ளைகள் தேதியை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். கதையாகப் படித்தால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் வரும். அவள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற வாஷிங்டன் செர்ரி மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் வந்த 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் எரித்துவிட்டார்கள். தோக்கியோ மேயர் யுகியோ ஒசாக்கி மறுபடி 3,020 மரங்கள் அனுப்பினார், 1912 மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவரின் மனைவி ஹெலன் டாஃப்ட்டும் ஜப்பான் தூதரின் மனைவியும் முதல் இரண்டை நட்டார்கள், 1915இல் அமெரிக்கா பதிலுக்கு டாக்வுட் மரங்கள் கொடுத்தது. மஞ்சிரோ கதையும் அப்படியே. 1841இல் படகு ஒதுங்கித் தவித்த பதினான்கு வயது மீனவச் சிறுவனை அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல் காப்பாற்றியது, அவன் மாசசூசெட்ஸில் ஃபேர்ஹேவன் ஊரில் படித்தான், 1851இல் ஜப்பான் திரும்பினான். இரண்டே ஆண்டில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மாத்யூ பெரியின் கப்பல்கள் ஜப்பான் கரையில் வந்து நின்றன, அமெரிக்காவை நேரில் கண்டவன் என்ற முறையில் மஞ்சிரோவை அரசு அழைத்தது. ஒரு பையனின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டால் ஒரு காலகட்டமே கூட வந்துவிடும்.

பழமொழிகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், உங்களைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. "சரு மோ கி கர ஒச்சிரு", குரங்கும் மரத்திலிருந்து விழும்: யானைக்கும் அடி சறுக்கும். "நெகோ நி கோபான்", பூனைக்குப் பொற்காசு: கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. "உமா நோ மிமி நி நென்புட்சு", குதிரைக் காதில் புத்தர் பெயரை ஓதுவது: செவிடன் காதில் ஊதிய சங்கு. கிணற்றுத் தவளை அங்கேயும் கிணற்றுத் தவளைதான். இரட்டைக்கிளவியும் அப்படியே, "கிராகிரா" என்றால் பளபள, மின்மின்.

ஆனால் அட்டையைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். நான் இங்கே எழுதியிருப்பது உங்களுக்குப் புரிவதற்காக. "ககி" என்று தமிழில் எழுதினால் அது சாவியா, தக்காளி போலத் தோற்றமுள்ள அந்த ஆரஞ்சு நிறப் பழமா என்று தெரியாது. அதற்குப் பதில் நீங்கள் ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானா படித்துவிடுங்கள். 46 எழுத்து, தினம் ஐந்து படித்தால் பத்து நாள். அந்த வரிசை உங்களை ஆச்சரியப்படுத்தும்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. புத்தத் துறவிகள் வழியாகப் போன இந்திய நெடுங்கணக்கின் ஒழுங்கு அது, ஹ வரிசை இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப ஒலி இருந்தது என்று வைத்துப் பாருங்கள், நம் வரிசையேதான்.

குழுவைப் பற்றி ஒன்று. மூவரும் பாடங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது, ஒருத்திக்கு வரலாறு, ஒருத்திக்குப் புவியியல், ஒருத்திக்கு மரபுத்தொடர். மொழிப் பகுதியை மட்டும் பிரிக்கக் கூடாது. ஒரு பயிற்சியில் மூன்று மாணவர்களிடம் கேட்டேன்: கடலைத் தொடாத எட்டு மாகாணங்களில் ஒன்று, நாட்டின் மிகப் பெரிய ஏரி அங்கேதான் இருக்கிறது, எது? மூவருக்கும் ஷிகா என்று தெரியும். மூவர் கையிலும் பேனா இருந்தது. புவியியல் அவனுடையது என்று இருவர் மூன்றாமவனைப் பார்க்க, அவனோ நாம் எழுதினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவர்களைப் பார்க்க, நேரம் முடிந்தது, பலகை வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்கு ஒரு விதி போட்டோம், இனி ஒரே ஒரு பேனாதான், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கடைசி இரண்டு நொடியில் முடிவெடுப்பார், தப்பானாலும் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அந்த விதியை உங்கள் மகளின் குழுவும் இப்போதே போட்டுக்கொள்ளட்டும், யார் கையில் பேனா என்பதை வாரம் ஒருமுறை மாற்றிப் பழகட்டும்.

இன்று இரவே தொடங்க வேண்டுமானால் தேதிகளிலிருந்து தொடங்குங்கள். ஒன்று முதல் பத்து வரை, அப்புறம் பதினான்கு, இருபது, இருபத்துநான்கு, இவை மட்டும்தான் கோணல், மீதி எல்லாம் எண்ணோடு "நிச்சி" சேர்த்தால் போதும். சாப்பாட்டு மேசையில் காலண்டரை வைத்து நீங்கள் விரலை வையுங்கள், அவள் சொல்லட்டும்.