ஐந்து நாளில் பல் கூச்சம் போகுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. ஃபிரிட்ஜ் தண்ணீர் கூட வேண்டாம், மண்பானைத் தண்ணீர் குடித்தாலே இடதுபக்க மேல்பற்கள் சுரீரென்று கூசுகின்றன. கூச்சத்துக்கான பேஸ்ட்டை ஐந்து நாள் தேய்த்தும் பலன் இல்லை. விலையும் அதிகம். எல்லாம் விளம்பரம்தானா? என் 9 வயது மகளும் அதையே எடுத்துத் தேய்க்கிறாள், பரவாயில்லையா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: விளம்பரம் மட்டும் இல்லை அம்மா, அந்த பேஸ்ட்டுகள் வேலை செய்யும். ஐந்து நாள்தான் போதாது.

ஈறு இறங்கினால், அல்லது பல்லின் கழுத்து தேய்ந்தால், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் வெளியே தெரியும். அதில் ஒரு சதுர மில்லிமீட்டரிலேயே ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் உண்டு. சில்லென்று ஏதாவது பட்டால் அவற்றுக்குள் இருக்கும் நீர் அசையும். நரம்புக்கு அந்த அசைவே வலி.

பேஸ்ட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் என்றிருந்தால் அது நரம்பை அடக்கும் வகை. தினம் இரண்டு வேளை, 2 முதல் 4 வாரம் விடாமல் தேய்த்தால்தான் தெரியும். ஸ்டானஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின் உள்ளவை குழாய்களின் வாயை அடைப்பவை. எதுவானாலும் தேய்த்த பிறகு நுரையைத் துப்புங்கள், உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். மருந்தெல்லாம் அதோடு போய்விடும். நிறுத்தினால் கூச்சம் திரும்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடதுபக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வலதுகைக்காரர்கள் பலர் அந்தப் பக்கம்தான் அழுத்தித் தேய்ப்பார்கள். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வந்த ஒரு அம்மாவை, வீட்டு பிரஷ்ஷை எடுத்துவரச் சொன்னேன். நார்கள் இரண்டு பக்கமும் மல்லாந்து கிடந்தன. இடது கோரைப்பல்லின் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வெட்டு. பல வருஷம் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்தவர். அப்படிப்பட்ட பள்ளத்துக்கு பேஸ்ட் மட்டும் போதாது, அடைத்தேன். உங்கள் பல்லிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். மாட்டினால் வாருங்கள். மாட்டாவிட்டால் மென்மையான பிரஷ்ஷுக்கு மாறி, இதே பேஸ்ட்டை ஒரு மாதம் தொடருங்கள்.

அப்புறம், தேவனாம்பட்டினம் பீச்சில் உப்புக்காரம் தூவிய மாங்காய், சீசனில் முந்திரிப்பழம், இவற்றைச் சாப்பிட்ட கையோடு பல் தேய்க்காதீர்கள். புளிப்பில் எனாமல் இளகியிருக்கும். அரைமணி நேரமாவது போகட்டும்.

தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நின்று குடைந்தாலோ, ராத்திரி தூக்கத்தில் எழுப்பினாலோ அது கூச்சம் இல்லை. சொத்தை நரம்பை எட்டியிருக்கலாம். அப்போது பேஸ்ட்டை நம்பி ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடாதீர்கள். செலவுக்குப் பயந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மகளுக்கு இந்த பேஸ்ட் வேண்டாம். 12 வயதுக்குள் டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது. அவளுக்குச் சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு போதும். அவளுக்கும் கூசுகிறது என்றால் ஒரு நாள் கூட்டி வாருங்கள், பார்க்கிறேன்.