வீட்டில் பனை வளர்க்க: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பையில் பனங்கொட்டை போட்டு நாலு மாதம் ஆச்சு, மேலே ஒன்றையும் காணோம். அழுகிவிட்டதா?

பதில்: பையை மெல்லச் சாய்த்து அடியைப் பாருங்கள். பெரும்பாலும் பையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தரைக்குள் போயிருக்கும். பனை மற்ற விதைகள் மாதிரி நேராக மேலே முளைப்பதில்லை. கொட்டையிலிருந்து விரல் பருமனில் ஒரு குழல் கீழே இறங்கும், ஒரு முழம்கூடப் போகும், அதன் நுனிக்குள்தான் செடியே இருக்கிறது, அங்கே வேர் பிடித்த பிறகுதான் மேலே ஓலை விடும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே பனங்கிழங்கு, அது இந்தப் பருவம்தான். அதனால் முதல் ஓலைக்குப் பல மாதம் ஆகும். நானும் முதல் தடவை பொறுக்க முடியாமல் மூன்று கொட்டையைத் தோண்டி மூன்றையும் ஒடித்தேன். கொட்டையைப் பிளந்து உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்த தவுனைத் தின்றதுதான் மிச்சம்.

கேள்வி: அப்போ பையே வேண்டாமா?

பதில்: வேண்டாம். மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே ஊன்றிவிடுங்கள், ஆணிவேர் மாதிரி இறங்கும் அந்தக் குழல் ஒடிந்தால் கதை முடிந்தது. ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, ஒரு சாண் ஆழக் குழியில் போட்டு மூடி, ஐப்பசி மழைக்கு விட்டுவிடுங்கள். மரத்துக்கு மரம் பத்தடி. உரம் எல்லாம் கேட்காது. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் விட்டால் நல்லது. ஆடுமாடு மிதிக்காமல் நாலு முள்ளை வெட்டிச் சுற்றி வையுங்கள்.

கேள்வி: நுங்குக்காகத்தான் வைக்கிறேன் சார். பெண் கொட்டையை எப்படிப் பார்த்து எடுப்பது?

பதில்: முடியாது. கொட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்கிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். பாளை விட்டால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடம், வறண்ட நிலத்தில் அதற்கு மேலும். ஐந்தாறாக ஊன்றுங்கள், ஒன்றாவது பெண்ணாக அமையும். பதநீர் என்றால் இரண்டிலும் இறக்கலாம்.

கேள்வி: எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நர்சரியில் ஃபேன் பாம் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: அந்தப் பெயரில் பல ஜாதி விற்கிறார்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள். வட்டமாக, மடிப்பு மடிப்பாக, கிழியாத விசிறி என்றால் லிக்குவாலா. அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும், மொட்டை வெயிலில் கருகிவிடும். வாஷிங்டோனியா என்பது கலிஃபோர்னியா, மெக்சிகோ பக்கத்துப் பாலைநில மரம், வெயில் தாங்கும், வேகமாக வளரும், ஆனால் காய்ந்த ஓலையைக் கழிக்காவிட்டால் பாவாடை கட்டினது மாதிரி தொங்கி எலி குடியேறும். வெள்ளி நிறத்தில் இருப்பது மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனை, வேரூன்றிவிட்டால் வறட்சி தாங்கும், அழகுதான், ஆனால் அகலமாக விரியும், சின்ன வாசலுக்கு ஆகாது. நட்டு வேர் பிடித்ததைப் பிடுங்கி இடம் மாற்றினால் பிழைப்பது சிரமம்.

கேள்வி: வடலியின் (இளம் பனையின்) குருத்தை ஏதோ தின்று ஓலையில் வெட்டு வெட்டாக இருக்கிறது.

பதில்: காண்டாமிருக வண்டு. தென்னைக்கு வருகிற அதே ஆள்தான். பக்கத்தில் மக்கிய சாணிக்குழி இருக்கிறதா பாருங்கள், புழு அங்கேதான் வளரும், கிளறிப் பொறுக்குங்கள். குருத்தில் ஓட்டை இருந்தால் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுக்கலாம். மட்டைக் கருக்கு கையைக் கிழிக்கும், சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, மதில் ஓரம் நிற்கும் பழைய பனையை வெட்டலாமா?

பதில்: தமிழ்நாட்டில் என்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும், 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். எதற்கு வெட்டுகிறீர்கள்? பனை வேர் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் பருக்காது, ஆலமரம் மாதிரி சுவரைப் பிளக்காது. காய்ந்த மட்டை விழுவதுதான் பயம் என்றால் வருடம் ஒரு முறை ஏறத் தெரிந்தவரை வைத்துக் கழித்துவிடுங்கள்.