இரண்டாவது சப்வூஃபரை எங்கே வைப்பது?

சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் அடித்தொனிக்கான தனி ஸ்பீக்கர் பற்றிக் கேட்டு வரும் கடிதத்தைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது மூன்று எண்களை: அறையின் நீளம், அகலம், பின்சுவரிலிருந்து சோஃபா எத்தனை அடி. ஏவிஆரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர்) மாடல் நம்பரை எல்லோரும் தவறாமல் எழுதுகிறீர்கள், இதைத்தான் விட்டுவிடுகிறீர்கள். பேஸ் விஷயத்தில் மாடல் நம்பரைவிட டேப் அளவுதான் முக்கியம்.

என்னிடம் இருக்கும் 12 இன்ச் சப்பை விற்றுவிட்டு 15 இன்ச் வாங்கலாமா, இதே போல இன்னொன்று வாங்கலாமா? அறை 12 அடி அகலம். சோஃபாவின் நடுவில் பேஸே இல்லை, ஓரத்தில் அதிர்கிறது.

இன்னொன்று வாங்குங்கள், அதே மாடலில். பெரிய சப் சத்தத்தைக் கூட்டும், ஆனால் இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவதைச் சரிசெய்யாது. கோளாறு உங்கள் சப்பில் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நின்றுவிடுகிற அலைதான் காரணம். 565ஐ அறையின் அடிக்கணக்கால் வகுத்தால் அது எந்த அலைவரிசை என்று தெரிந்துவிடும். 12 அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ். அது சுவரோரம் வீங்கும், நட்டநடுவில் காணாமல் போகும். இடது, வலது சுவர்களில் நேர் எதிராக ஒவ்வொரு சப் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளும், அந்த அலை எழவே வழி இருக்காது. மூன்று இருக்கையிலும் ஏறக்குறைய ஒரே பேஸ் கேட்கும்.

நான்கு சப் வைத்தால் இன்னும் சிறப்பா?

சிறப்புதான். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் செவ்வக அறைகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது மிகச் சீரான பலன் தந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பதும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் அது நாலு பக்கமும் மூடிய அறைக்கான கணக்கு. நம் ஹாலில் ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் மாடிப்படி என்று திறந்தே இருக்கும். அதனால் சுவர் நடுவில் தொடங்குங்கள், ஒவ்வொரு அடியாக நகர்த்தி அளந்து பாருங்கள். அறையின் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம், யூமிக்-1 போல ஒரு அளவீட்டு மைக் இருந்தால் போதும்.

ஒரு சப் போர்ட் (காற்றுத் துளை) உள்ளது, இன்னொன்று சீல்டு (முழுக்க மூடிய பெட்டி). சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். போர்ட் ட்யூன் செய்யப்பட்ட அலைவரிசையை ஒட்டி இரண்டின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேரம்) வெவ்வேறாகத் திரும்பும், ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

ஹால் 22 அடி நீளம். சோஃபா பின்சுவரிலிருந்து ஐந்தரை அடி. 50 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம். ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 10 டிபி ஏற்றியும் அசையவில்லை. ஏன்?

அளவு எழுதியதற்கு நன்றி. பதில் அந்த அளவிலேயே இருக்கிறது. 22 அடியின் இரண்டாம் அலை (565ஐ 22ஆல் வகுத்து, அதன் இரு மடங்கு) 51 ஹெர்ட்ஸ், அது பின்சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், அதாவது சரியாக உங்கள் தலை இருக்கும் இடத்தில், அடங்கிப் போகிறது. அங்கே எவ்வளவு அனுப்பினாலும் அவ்வளவும் அழியும். ஆனால் 10 டிபி என்றால் ஆம்ப்ளிஃபையருக்குப் பத்து மடங்கு வேலை. 30 வாட் கேட்ட இடத்தில் 300 வாட்.

இதை எத்தனை முறை எழுதினாலும் சில இன்ஸ்டாலர்கள் விடுவதாக இல்லை. ஒரு வீட்டில் டிவி யூனிட்டில் தச்சர் விட்ட இரண்டு பொந்துகளில் இரண்டு சப்பையும் அடைத்து, கதவையும் மூடியிருந்தார்கள். பேஸ் வரவில்லை என்றதும் இடத்தைப் பார்க்காமல் பூஸ்ட் ஏற்றியிருக்கிறார்கள். நான் போனபோது கதவைத் திறந்ததுமே கருகிய வாடை. கோனை விரல் நுனியால் மெல்ல அழுத்தினேன், உள்ளே வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உரசுகிற 'கர்'. வெளியே எடுத்துப் பார்த்தால் அந்தக் கம்பிச்சுருள் கறுத்துப் போயிருந்தது. மூன்று மாதம் ஆகாத சப். அந்தக் குடும்பம் ஒரு வருடம் பணம் சேர்த்து வாங்கியது. சோஃபாவைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் ஒரு ரூபாய் செலவில்லை.

நீங்களும் பூஸ்டை எடுத்துவிட்டு சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளி அளந்து பாருங்கள். மேட்டைச் செதுக்கலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது.

ஏவிஆரில் இரண்டு சப் அவுட் இருக்கிறது. ஒரு அவுட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளைவிட அது மேல்தானே?

பல ஏவிஆர்களில் இரண்டு அவுட்டிலும் ஒரே சிக்னல்தான், ஒய் கேபிளுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. தூரத்தையும் லெவலையும் தனித்தனியாக வைக்க முடிகிறதா என்று மெனுவில் பாருங்கள். முடியாவிட்டால், இரண்டும் சோஃபாவுக்குச் சம தூரம் என்றால் கவலை வேண்டாம். இல்லையென்றால், ஒவ்வொரு சப்பையும் தனித்தனியாகச் சரிசெய்ய உதவும் மினிடிஎஸ்பி என்ற பெட்டி ஒன்று தேவை.

சப் ஒன்பதடியில் இருக்கிறது, ஏவிஆர் தானே அளந்து 15 அடி என்கிறது. மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள். சப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது.

இரண்டாவது சப் மாட்டியதிலிருந்து 'ம்ம்ம்' என்று இரைச்சல். எர்த் பின்னை எடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

எடுக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். முதலில் சிக்னல் கேபிளை மட்டும் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த்தும் கேபிளும் சேர்ந்த வளையத்தில் ஓடும் மின்னோட்டம். இரண்டு சப்பையும் ஏவிஆரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே போய்விடும். போகாவிட்டால் ஆர்சிஏ லைனில் (அந்தச் சிக்னல் கேபிளில்) அந்த வளையத்தை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின் இருக்கட்டும்.

கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். சுவரில் இரண்டு இன்ச் ஃபோம் ஒட்டினால் நிற்குமா?

நிற்காது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 28 அடி, இரண்டு இன்ச் ஃபோம் அதற்குக் கண்ணிலேயே படாது. ஒரு சப்பை சோஃபாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வைத்து, இரண்டின் லெவலையும் குறையுங்கள். பக்கத்தில் இருப்பதால் உங்களுக்குக் குறையாது, அவருக்குக் குறையும். பத்து மணிக்கு மேல் அதையும் அணைத்துவிடுங்கள்.