தாய்ப்பாலில் புரதம் 1.1 கிராம்தானா? பசும்பால் சேர்க்க வேண்டுமா?

வாசகி ஒருவரின் கேள்வி: “மகளுக்கு 4 மாதம் ஆகிறது. பிறக்கும்போது 2.9 கிலோ, இப்போது 6.1 கிலோ. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன். சில மணி நேரத்தில் மேலே ஆடை போலவும் கீழே நீலம் பூத்த தண்ணீர் போலவும் பிரிந்து நிற்கிறது. ‘இந்தத் தண்ணீரில் என்ன சத்து இருக்கும்?’ என்று மாமியார் கவலைப்படுகிறார். பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். 100 மில்லியில் புரதம் 1.1 கிராம் என்று வந்தது. பசும்பாலில் 3.2 கிராம் என்கிறார்கள். இப்போது குழந்தைக்காகத் தினமும் அரை லிட்டர் பசும்பால் வாங்குகிறோம். கொடுக்கலாமா? நான் புரோட்டீன் பவுடர் குடித்தால் என் பாலில் புரதம் கூடுமா?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பசும்பால் வேண்டாம். உங்கள் பாலில் எந்தக் குறையும் இல்லை. 1.1 கிராம் என்பது இந்த மாதத்தில் இருக்க வேண்டிய அளவேதான்.

பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலே மிதப்பது கொழுப்பு. கீழே நீலமாக நிற்கிறதே, அதில்தான் புரதமெல்லாம் இருக்கிறது. பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்ச மட்டும் வேண்டாம். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்து, வெதுவெதுப்பானதும் கொடுங்கள். ஏன் காய்ச்சக்கூடாது என்பதற்கும் புரதம்தான் காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

1.1, 3.2 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் பால் தோற்றது போலத் தெரியும். ஆனால் கன்றுக்குட்டி பிறந்து இரண்டு மாதத்துக்குள் எடை இரட்டிப்பாகும் உயிர். அந்த வேகத்துக்கு அதற்கு அவ்வளவு புரதம் வேண்டும். மனிதக் குழந்தைக்கு எடை இரட்டிப்பாக ஏறக்குறைய 5 மாதம் ஆகும். உங்கள் மகள் 4 மாதத்திலேயே அதைத் தாண்டிவிட்டாள். ஒரு நாளைக்கு 800 மில்லி குடிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பாலில் சுமார் 9 கிராம் புரதம் கிடைக்கும். அதே அளவு பசும்பாலில் 25 கிராமுக்கு மேல். தேவைக்கு மிஞ்சிய புரதத்தை உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற வேண்டும், அந்தச் சின்னச் சிறுநீரகங்களுக்கு அது பெரிய சுமை. தண்ணீர் கலந்து கொடுத்தால்? புரதம் குறையும், கூடவே கலோரியும் குறைந்துவிடும். அப்புறம், பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவையும் அது உண்டாக்கும். அதனால்தான் ஒரு வயது வரை பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்காதீர்கள் என்கிறோம்.

அளவை விட எனக்கு முக்கியமாகப் படுவது புரதத்தின் வகை. பசும்பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகிறது? கெட்டியாகத் திரண்டு, லேசான பச்சை நிறத் தண்ணீர் பிரிகிறது. அந்தத் திரட்டின் பெரும்பகுதி கேசின் என்ற புரதம். தண்ணீரில் இருப்பவை வே புரதங்கள். பசும்பாலில் கேசின் 80 சதவீதம், வே 20 சதவீதம். தாய்ப்பாலில் கணக்கு தலைகீழ். முதல் நாட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் வே புரதம், பிறகு மெல்ல மெல்ல 60-க்கு 40 என்று வந்து நிற்கும். அதனால் குழந்தையின் வயிற்றில் அது கல் போலத் திரளாமல் மெல்லிய பூப்பூவாகத் திரிந்து சீக்கிரம் செரிக்கும். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் குழந்தை கக்கும்போது தோளில் ஒட்டும் வெள்ளைத் துணுக்குகளைப் பாருங்கள், எவ்வளவு மென்மையாக இருக்கின்றன!

தாய்ப்பாலின் வே புரதங்களில் முதன்மையானது ஆல்ஃபா லாக்டால்புமின். புரதம் கட்டப்படும் துண்டுகளை அமினோ அமிலங்கள் என்போம். அவற்றில் டிரிப்டோபான், சிஸ்டீன் என்ற இரண்டும் அதில் நிறைய. மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை சிஸ்டீனாக மாற்றும் திறன் பச்சிளம் குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது, அதனால் சிஸ்டீனையே நேரடியாகக் கொடுக்கிறது இந்தப் பால். பசும்பாலின் முதன்மையான வே புரதமான பீட்டா லாக்டோகுளோபுலினைத் தாயின் உடல் உண்டாக்குவதே இல்லை.

இன்னொரு பகுதி, உணவாக மட்டும் வரவில்லை, காவலாகவும் வருகிறது. லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்கிறது. லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை உடைக்கிறது. ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குடலின் உட்சுவரில் காவல் நிற்கிறது. இவற்றில் ஒரு பங்கு செரிக்காமலே குழந்தையின் மலம் வரை வந்துசேரும், அதாவது வழி நெடுக வேலை பார்த்துக்கொண்டே போகின்றன. பாலைக் காய்ச்சினால் இவைதான் முதலில் கெடும். மாடு கன்று ஈன்றதும் வரும் சீம்பாலை ஆவியில் வைத்தால் தானாகவே கட்டியாகிறதே, அதில் இத்தகைய புரதங்கள் நிறைந்திருப்பதால்தான். உங்கள் சீம்பாலும் அப்படிப் புரதம் செறிந்ததாகத்தான் இருந்திருக்கும். நாளாக ஆக அளவு குறைவது இயல்பு.

உங்கள் பரிசோதனை முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால், பல கூடங்களில் பாலில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். தாய்ப்பாலின் நைட்ரஜனில் 20 முதல் 25 சதவீதம் புரதத்தைச் சேர்ந்ததே அல்ல. யூரியாவும், தனித்து நிற்கும் அமினோ அமிலங்களும் அதில் அடக்கம். அவற்றில் அதிகம் இருப்பவை குளூட்டமேட்டும் குளூட்டமினும். பழுத்த தக்காளிக்கு ருசி கொடுக்கும் அதே குளூட்டமேட்தான். பசும்பாலில் இருப்பதைவிட இங்கே பல மடங்கு. எனவே அந்த 1.1-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், மறுபடி பரிசோதிக்கவும் வேண்டாம். குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறதா, எடைக்கோடு ஏறுகிறதா, இந்த இரண்டும் போதும். எடை நின்றுபோனாலோ, சிறுநீர் குறைந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குறைமாதக் குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தாய்ப்பாலோடு கூடுதல் புரதம் தேவைப்படும், அதை மருத்துவமனையிலேயே சேர்த்துக் கொடுப்பார்கள்.

சரி, புரோட்டீன் பவுடர். தாயின் சாப்பாட்டைப் பொறுத்துப் பாலில் கொழுப்பின் வகை மாறும், புரதத்தின் செறிவு அவ்வளவாக மாறாது. 1950-களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஏழைத் தாய்மார்களின் பாலை ஆராய்ந்தார். குறைவாகவே சாப்பிட்ட அந்தப் பெண்களின் பாலிலும் புரதம் ஏறக்குறைய மற்றவர்களுடையது போலவே இருந்தது. தாயின் உடல் தன்னிடமிருந்து எடுத்தாவது குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது. நான் கவலைப்படுவது அந்தத் தாயைப் பற்றித்தான். பத்தியம் என்று ரசம் சோறும் பூண்டும் மட்டும் போட்டு, முட்டையையும் பருப்பையும் ஒதுக்கி வைத்தால் கரைவது உங்கள் சதை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி, பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் வழக்கமான 46 கிராமுக்கு மேல் நாளுக்குச் சுமார் 17 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். இதற்குப் பவுடர் டப்பா தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். குழந்தைக்காக வாங்குகிறீர்களே, அந்த அரை லிட்டர் பசும்பால், அதில் 16 கிராம். மாமியாரிடம் சொல்லி அதை நிறுத்த வேண்டாம். காலையில் ஒரு டம்ளர், வேலை முடிந்து வந்ததும் தயிராக, ராத்திரி ஒரு டம்ளர் என்று நீங்கள் குடியுங்கள்.