ராகத்தை ஒதுக்கிவிட்டு ஒருமுறை

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு நான்கு மாதங்களாக என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பாடல் எண்களை எழுதுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த பாடல்களாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆனாலும் சபையார் உதட்டை அசைக்கிறார்கள், பாடுவதில்லை. இரண்டாம் சரணம் வருவதற்குள் குழு மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பாடல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழகுவது? குழுவில் இல்லாத, என் அம்மாவைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தே ஞாயிறு ஆராதனைக்கு எப்படி ஆயத்தப்படலாம்? நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் அவர்களால் ஒதுக்க முடியாது. சனிக்கிழமை முழுவதும் கைபேசியில் பாடல்களை ஓடவிட்டாலே போதும் என்கிறார்கள் சிலர். சரியா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை என்றால் சபையாரின் பக்தியைச் சந்தேகிப்பதற்கு முன் சுருதியைப் பாருங்கள். பாடத் தெரிந்த ஒருவர் தன் குரல் எடுப்பாகக் கேட்கும் இடத்தில்தான் சுருதி வைப்பார். பயிற்சி இல்லாத தொண்டைக்கு அது எட்டாது. நடு சி-க்குச் சற்றுக் கீழே இருக்கும் பி ஃபிளாட்டிலிருந்து அடுத்த ஸ்தாயியின் டி வரை பெண்கள் பெரும்பாலும் சிரமமில்லாமல் பாடுவார்கள்; ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். ஆகவே பாட்டின் உச்ச ஸ்வரம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேல் ஸட்ஜத்தைத் தொடும் பாட்டை மூன்று கட்டையில், அதாவது ஈ-யை ஆதார ஸட்ஜமாக வைத்து எடுத்தால், உச்சம் மேல் ஈ-யில் போய் நிற்கும். ஒருமுறை ஏறலாம், சரணத்துக்குச் சரணம் ஏற முடியாது. முதல் சரணத்தில் முயன்று பார்த்துவிட்டு இரண்டாவதில் விட்டுவிடுவார்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியும் இதுதான். அந்தப் பாட்டை ஒரு கட்டைக்கு, அதாவது சி-க்கு, இறக்குங்கள். மேல் ரிஷபம் வரை போகும் பாட்டுக்கும் ஒரு கட்டையே போதும். மேல் காந்தாரத்தைத் தொடுவதானால் இன்னும் ஒரு முழுக் கட்டை இறங்க வேண்டும். அதிகாலை ஆராதனைக்கு அரைக் கட்டை குறைத்தே வையுங்கள். எழுந்து ஒரு மணி நேரம் ஆகாத தொண்டை மேலே போகாது.

இரண்டாவது காரணம் மூச்சு. கீபோர்டு வாசிப்பவரின் விரல்களுக்கு மூச்சு தேவையில்லை. அவர் வரிக்கு வரி இடைவெளி விடாமல் போய்க்கொண்டே இருந்தால், மூச்சு வாங்கும் சபை ஒரு எழுத்து பின்தங்கும், அடுத்த வரியில் இரண்டு எழுத்து. வாசிப்பவரையும் மனதுக்குள் பாடிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். தொடக்க இசைக்குப் பாட்டின் கடைசி வரியை மட்டும், பாடப்போகும் அதே வேகத்தில் வாசித்தால் போதும். அரை நிமிடம் அலங்காரமாக வாசித்து முடிக்கும்போது எங்கே சேருவது என்று யாருக்கும் தெரிவதில்லை.

இவை இரண்டையும் ஒரே வாரத்தில் சரிசெய்துவிடலாம். தேர்வுக்குத்தான் நாளாகும், ஏனென்றால் அதற்கு வாரம் முழுவதும் வேண்டும்.

சனிக்கிழமை இரவில் எடுக்கும் பாட்டு நம் நினைவில் மேலாக மிதக்கும் பாட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் பல சபைகளில் அதே இருபது பாட்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. செவ்வாய்க்கிழமைக்குள் அந்த வாரத்துப் பாடங்களைப் போதகரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் சபை மூன்றாண்டு வாசக அட்டவணையைப் பின்பற்றினால் கேட்கவே வேண்டியதில்லை. கத்தோலிக்க சபை 1969-இல் வெளியிட்ட அந்த முறையைப் பிற சபைகளும் தழுவிக்கொண்டன. பலரும் பயன்படுத்தும் பொதுத் திருத்தப் பதிப்பு 1992-இல் வந்தது. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் மூன்று ஆண்டுகளிலும் இடையிடையே வரும். ஞாயிறுதோறும் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று நான்கு. இவற்றில் சங்கீதம் வைக்கப்பட்டிருப்பது முதல் பாடத்துக்குச் சபை சொல்லும் மறுமொழியாக. மற்றப் பாட்டுகளையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்: இது எதற்குப் பதில்?

அப்படிப் பார்த்தால் தேர்வைத் தொடக்கப் பாட்டிலிருந்து ஆரம்பிக்க முடியாது. செய்தி முடிந்ததும் பாடுவதை முதலில் எடுங்கள். சுவிசேஷப் பாடத்தைக் கேட்ட ஒருவர் எழுந்து நின்று கடவுளிடம் என்ன சொல்வார்? அதைச் சொல்லும் பாட்டு அகப்பட்டுவிட்டால் மற்றவை தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். தொடக்கப் பாட்டு புத்தகத்தைப் பார்க்காமலே பாடக்கூடியதாக இருக்கட்டும். திருவிருந்து நேரத்தில் எழுந்து நடப்பவர் கையில் புத்தகம் இருக்காது, அதனால் பல்லவி சிறியதாக, மனப்பாடமாக இருக்க வேண்டும். இறுதிப் பாட்டுக்கு இரண்டு சரணம் தாராளம்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று பாட்டுகளைத் தொடர்ந்து பாடும் வழக்கமிருந்தால் 95-ஆம் சங்கீதத்தின் வரிசையைப் பாருங்கள். முதல் வசனங்கள் கெம்பீரமாகப் பாட அழைக்கின்றன. ஆறாம் வசனத்தில் முழங்கால் மடங்குகிறது. ஏழிலிருந்து, இன்று அவர் சத்தத்தைக் கேளுங்கள், இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள் என்ற எச்சரிப்பு. ஆர்ப்பரிப்பு, பணிவு, செவி, இந்த வரிசையில் போனால் வேதபாடம் வாசிக்க எழுந்திருப்பவருக்கு அமைதியான ஒரு சபை கிடைக்கும். நாமோ பெரும்பாலும் அமைதியான பாட்டில் ஆரம்பித்து, கைதட்டலின் உச்சத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர்களிடம் ஆதியாகமத்தை வாசிக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். சங்கீத புஸ்தகத்தின் 150-இல் மூன்றில் ஒரு பங்காவது புலம்பல். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது, ஆறுதலான கடைசி வரிகூடக் கிடையாது. துக்கத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு நம் பட்டியலில் ஒரு வரியாவது இருக்கிறதா? ஐந்து பாட்டுகளும் வெற்றிப் பாட்டுகளாக இருந்தால் அவர் பாடாமல் நிற்பதுதான் நேர்மை.

இனி பழகுவது. குழுவைக் கூட்டியதும் வாத்தியத்தைத் திறக்காதீர்கள். ராகத்தை ஒதுக்கிவிட்டு ஒருமுறை, பாட்டை உரைநடையாக, ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு வாசியுங்கள். நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சியில் முதல் பத்து நிமிடம் இதற்கு. ராகம் பழகிவிட்ட பாட்டில் சொற்கள் காதில் விழுவதே இல்லை, வாசித்தால்தான் தெரியும். ஆவியோடும் கருத்தோடும் பாடுவேன் என்று கொரிந்தியருக்கு பவுல் எழுதினார் அல்லவா, அந்தக் ‘கருத்து’ உள்ளே வரும் வாசல் இது.

வாசிக்கும்போது முதலில் பிரதிப்பெயர்களைக் கவனியுங்கள். தமிழுக்கு ஒரு வசதி உண்டு: ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாம் துதிப்போம்’ என்று பாடும்போது பக்கத்தில் நிற்பவரை அழைக்கிறோம்; கண்ணைத் திறந்துதான் பாட வேண்டும். ‘நாங்கள் துதிக்கிறோம்’ என்றால் பேச்சு கடவுளை நோக்கித் திரும்பிவிட்டது. சில பாட்டுகளில் பல்லவி ‘அவர்’ என்றும் சரணம் ‘நீர்’ என்றும் இருக்கும். அந்தத் திருப்பத்தில் குரலைக் கொஞ்சம் தணித்தால் போதும், யாரும் விளக்கம் சொல்லாமலே சபை புரிந்துகொள்ளும்.

அடுத்தது, எங்கே மூச்சு எடுக்கக் கூடாது என்பது. தமிழில் எதிர்மறை சொல்லின் கடைசியில் வருகிறது. ‘கைவிட’ என்று நிறுத்தி மூச்சு வாங்கி ‘மாட்டார்’ என்று முடித்தால், நடுவில் ஒரு கணம் கடவுள் நம்மைக் கைவிட்டுவிடுகிறார். பிறமொழி மெட்டுக்கு மொழிபெயர்த்த பாமாலைப் பாட்டுகளில் இது அடிக்கடி நேரும், மெட்டு நிற்கும் இடமும் சொல் முடியும் இடமும் ஒன்றாக இருக்காது. அங்கே பென்சிலால் ஒரு வளைவு போட்டு, சேர்த்துப் பாடப் பழக்குங்கள்.

சரணங்களைக் குறைப்பதற்கும் இதே வாசிப்புதான் வழிகாட்டும். நேரமில்லை என்றதும் ‘ஒன்று, இரண்டு, கடைசி’ என்று அறிவித்துவிடுகிறோம். பிறப்பு, மரணம், உயிர்த்தெழுதல் என்று வரிசையாகப் போகும் பாட்டில் மூன்றாம் சரணத்தை விட்டால் இயேசுவைக் கல்லறையிலேயே வைத்துவிட்டுச் சபை மட்டும் பரலோகம் போய்ச் சேரும். பிதா, குமாரன், ஆவி என்று சரணத்துக்கு ஒருவராகப் பாடும் பாட்டிலும் அப்படித்தான். குறைக்க வேண்டுமானால் வேறு சிறிய பாட்டை எடுங்கள்.

திரையில் வரிகளைக் காட்டுவீர்களானால் வெள்ளிக்கிழமையே ஒருவர் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். ‘வழி’ என்பது ‘வலி’ ஆகிவிட்டால், ‘நீரே என் வலி’ என்று கடவுளிடம் சபை சேர்ந்து சொல்லிவிடும். பக்க அகலத்துக்கு வரியை வெட்டாமல் பொருள் முடியும் இடத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

புதிய பாட்டு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் ஞாயிறு காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும், இரண்டாவது ஞாயிறு பல்லவிக்குச் சபை சேரட்டும், மூன்றாவதில் முழுவதும் எல்லாரும். ஒரு நோட்டில் பாட்டு, தேதி, கட்டை மூன்றையும் குறித்துவாருங்கள். அந்த இருபது பாட்டுச் சுழற்சி ஆறு மாதத்தில் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஞாயிறு காலையில் ஆலயத்துக்குள் ஒத்திகை பார்க்கவே வேண்டாம். முன்னதாக வந்து ஜெபத்தில் இருப்பவருக்கு நீங்கள் திரும்பத் திரும்பப் பாடும் அந்த ஒரு வரி பெரிய இடையூறு.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் ஞாயிறு பிறப்பது சனிக்கிழமை மாலையில். ஆகவே வேலைகளைச் சனிக்கிழமை பகலோடு முடித்து, மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் அதுவே ஆராதனையின் முதல் பகுதி. அதற்கு முன், வார நாட்களில் நாளுக்கு ஒரு பாடம்: திங்கள் சுவிசேஷம், செவ்வாய் பழைய ஏற்பாடு, புதன் நிருபம், வியாழன் சங்கீதம், வெள்ளியன்று நீங்கள் எழுதி அனுப்பும் பாட்டு வரிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தரித்திருத்தல் என்று நான்கு படிகளாக எழுதிவைத்த முறை இதற்குப் பொருந்தும். பாடத்தை மெதுவாக இருமுறை வாசிப்பது, நெஞ்சில் தைத்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வது, அந்தச் சொல்லை வைத்தே ஜெபிப்பது, பிறகு ஒன்றும் பேசாமல் மூன்று நிமிடம் இருப்பது. பெரும்பாலோர் வாசிப்பிலிருந்து நேராக ஜெபத்துக்குத் தாவிவிடுகிறோம். அப்போது வாசித்ததற்கும் கேட்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

சனிக்கிழமை மாலைக்கு ஆரோகண சங்கீதங்கள் இருக்கின்றன, எருசலேம் ஆலயத்துக்கு ஏறிப் போகிறவர்கள் பாடியதாகச் சொல்லப்படுபவை, 120 முதல் 134 வரை பதினைந்து. பெரும்பாலும் சின்னச் சின்னவை. வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால் பதினைந்து வாரம் வரும். ஓய்வுநாளின் பாட்டு என்றே தலைப்பிட்ட 92-ஐ ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்க்கவும் சனிக்கிழமைதான் கடைசிச் சந்தர்ப்பம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் இருக்கிறது. ஆதிச் சபையின் ‘டிடாக்கே’ என்ற போதனை நூலும் கர்த்தருடைய நாளில் அப்பம் பிட்குமுன் பாவ அறிக்கையைக் கேட்கிறது; சண்டையிட்டவர்கள் ஒப்புரவாகும்வரை சேரக் கூடாது என்கிறது. இதற்குக் கால் மணி நேரம் போதாமல் போகலாம்.

கைபேசியில் நாள் முழுவதும் பாடல் ஓடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராகம் தெரியாத பாட்டை இரண்டு முறை கவனித்துக் கேட்பது நல்லது. நாள் முழுவதும் பின்னணியில் ஓடும் பாட்டைக் காது கேட்டும் கேளாமல் பழகிவிடும். மறுநாள் ஆலயத்திலும் அதே பழக்கம்தான் தொடரும். மேலும் அந்தப் பதிவுகளைப் பாடியவர்கள் பயிற்சி பெற்ற பாடகர்கள், சுருதியும் அவர்கள் குரலுக்கு ஏற்றபடி உயர்ந்தே இருக்கலாம். அம்மா அதைக் கேட்டுப் பழகி வந்தால் நீங்கள் ஒரு கட்டையில் எடுக்கும்போது ‘ஏன் இவ்வளவு இறக்கிவிட்டாய்’ என்று கேட்பார்கள். கேட்கட்டும், நீங்கள் ஏற்றாதீர்கள்.