டிரெய்லர் தளப் பலகை மழையில் ஊறாமல் இருக்க

கேள்வி: திருவொற்றியூரில் வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறேன். அண்டா, அடுப்பு, நாற்காலிகளை ஏற்றிச் செல்வதற்காக, வேனுக்குப் பின்னால் பூட்டும் சிறிய டிரெய்லர் ஒன்றை இரும்புச் சட்டம் கொண்டு நானே செய்துள்ளேன். தளத்துக்கு 18 மி.மீ. மரைன் ப்ளைவுட் வாங்கிவிட்டேன். அதற்கு எந்தப் பூச்சும் தேவையில்லை என்கிறார் கடைக்காரர். டிரெய்லர் இரவும் பகலும் தெருவில்தான் நிற்கும். என்ன செய்யலாம்?

பதில்: பலகை நல்ல தேர்வுதான்; பூச்சு தேவையில்லை என்பதைத்தான் ஏற்பதற்கில்லை. ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரை பெற்ற மரைன் பலகை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பிறகும் அடுக்குகள் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை இடையிலுள்ள பசைக்கு வைக்கப்படுவது. மரம் எந்தத் தரத்தில் இருந்தாலும் தண்ணீரைக் குடித்து வீங்கும், வெயிலில் சுருங்கும். இது பல முறை நடந்தால் மேல் அடுக்கில் முடிபோன்ற வெடிப்புகள் விழும். உங்கள் பகுதியில் கடற்காற்று படியவைக்கும் உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்வதால், வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகும் பலகை முழுதாக உலர்வதில்லை.

தண்ணீர் மிகுதியாக நுழைவது பலகையின் முகப்பு வழியாக அன்று. அறுத்த ஓரங்கள், போல்ட் துளைகள் வழியாகத்தான். அங்கே மர நார்களின் வாய் திறந்திருக்கிறது. எனவே பலகையை அளவுக்கு அறுத்து, எல்லாத் துளைகளையும் போட்டு, சட்டத்தில் ஒருமுறை பொருத்திப் பார்த்துக் கழற்றிய பிறகே பூச்சைத் தொடங்குங்கள். பூசிய பின் போடும் ஒவ்வொரு துளையும் புதிய வாசல். துளைகளைத் தேவையைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) அடைத்து, அது இறுகிய பின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளைத்தால், போல்ட்டைச் சுற்றி மரமே வெளித்தெரியாது.

ஓரங்களுக்கு எபாக்ஸி ரெசினே சிறந்தது. முதல் பூச்சை மரம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பளபளப்பு நிற்கும்வரை மேலும் இரண்டு முறையாவது பூச வேண்டியிருக்கும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழிகளைக் கிளப்பும். பலகை சூடாக இருந்து ஆறத் தொடங்கும் பிற்பகலில் பூசினால், அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். சென்னை வெப்பத்தில் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற படலம் படிவதுண்டு. அதைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, உப்புத்தாள் போட்ட பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். வெயில் எபாக்ஸியைச் சிதைக்கும் என்பதால் மேலே எனாமல் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் கட்டாயம். அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளையும்.

காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்வோரிடம் கொடுத்து, ரெசினில் நனைத்த கண்ணாடியிழை விரிப்பை (மேட்) ஒட்டிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் கைவேலையில் குறையில்லை. ஆனால் அந்த வேலைக்குப் பொதுவாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின், எபாக்ஸி அளவுக்கு மரத்தைப் பற்றிக்கொள்வதில்லை. ஓரிடத்தில் பிரிந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியின்றித் தங்கும். பலகை அழுகுவது கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது.

புகுந்த தண்ணீர் வெளியேறவும் வழி வேண்டும். பலகைக்கும் பக்கத் தகடுகளுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்குச் சிறிய இடைவெளியாவது விடுங்கள். தாழ்வான மூலைகளில் வடிதுளைகள் வையுங்கள். ரப்பர் விரிப்பு போடுவதானால் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக, இயன்றால் உப்புக்காற்றை நன்கு தாங்கும் 316 தரத்தில் இருக்கட்டும். மற்றொன்று: மோட்டார் வாகனங்கள் சட்டம், 1988-இன் வரையறையில் டிரெய்லரும் மோட்டார் வாகனத்தில் அடங்கும் என்பதால், தெருவில் இறக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் டிரெய்லர் பலகைக்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசலாமா? அல்லது ஆளிவிதை எண்ணெய் போதுமா? (எண்ணூர் வாசகர்)

பதில்: இன்ஜின் ஆயில் வேண்டாம். அது உலராது, ஏற்றும் பொருளில் ஒட்டும், பிறகு எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. கைக்கும் மண்ணுக்கும் கேடு. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைன் கலந்து பூசலாம். செலவு குறைவு, ஆனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் மறுபடி பூச வேண்டும், ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். அந்த எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.