கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், வெயில் நாளிலும் உருகாமல் நிற்பது ஏன்?

அகர் என்பது சிவப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி. கொதிநீரில் சங்கிலிகள் பிரிந்துவிடும். 35–40 டிகிரி செல்சியஸுக்கு ஆறும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வலையாகி, நீரைப் பிடித்துவைக்கும். முறுக்கேறிய தாம்புக்கயிறு போல, லேசில் பிரியாது. மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும்.

1880-களில் ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிப்போனது. அதற்குப் பதில் அகரைப் போடச் சொன்னவர், அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. அருமையான யோசனை! இன்றும் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க, லிட்டருக்குச் சுமார் 15 கிராம் அகர்தான்.

வீட்டில் சமைக்கும்போது அகர்த் தூளைக் குளிர்நீரில் கலக்கிய பிறகே கொதிக்கவிடுங்கள். வெந்நீரில் கொட்டினால் கட்டிதட்டும். புளிப்புச் சாற்றை, அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்த்துக்கொள்ளுங்கள்; சேர்த்துக் கொதித்தால் சங்கிலி அறுந்து தளதளத்துவிடும்.

சைனா கிராஸ் என்று அழைத்தாலும் இது புல் அல்ல. விலங்குத் தோல், எலும்பிலிருந்து வரும் ஜெலட்டினும் அல்ல.